கட்டைவிரலும் கைகூப்பும்

தம்பி! திருவான்மியூர்க் கலாக்ஷேத்திரா, 1936-இல் ருக்மிணிதேவி அருண்டேல் கண்ட கலைக்கூடம். 2023 மார்ச்சில் அங்கே மாணவியர் போராடினர். ஏப்ரலில் ஆசிரியர் ஒருவர் கைதானார். குற்றத்தை நீதிமன்றம் கூறட்டும். முறையிட்டும் கேட்பாரில்லை என்றனரே மாணவியர், அப்போது உடனிருந்த பெரியோர் எங்கே?

அமெரிக்காவில், பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் போற்றுதலுக்குரிய பயிற்சியாளர் ஜோ பெட்டர்னோ. முன்னாள் துணைவர் சான்டஸ்கி சிறுவனிடம் தகாது நடந்ததாக 2001-இல் சேதி வந்தது. மேலிடத்தில் சொன்னார், அத்துடன் ஓய்ந்தார். 2011-இல் பதவி பறிபோனது. 2012-இல் சான்டஸ்கி 45 குற்றங்களுக்குத் தண்டனை பெற்றார். பெட்டர்னோமீது வழக்கில்லை, எனினும், இன்னும் செய்திருக்கலாமே என அவரே வருந்தினார்!

கட்டைவிரல் கேட்ட குருவையும் வணங்கச் சொன்ன நாடு இது. தாம்பரத்துத் திடலுக்குப் பிள்ளையை அனுப்பும் தாய் கேட்பது குருபக்தியன்று, பாதுகாப்பு. பெருமை பெற்றோனுக்குப் பொறுப்பும் பெரிது. மௌனம் மரியாதையன்று, தம்பி, உடந்தை!