காபிக் கொட்டையோடு நின்றுவிடலாமா?

சைக்கிளில் கேன் கட்டிச் சுக்குக் காபி விற்பவர்களை நாம் அறிவோம். மூன்று சக்கர மிதிவண்டியில் எஸ்பிரெஸ்ஸோ காபி விற்பது வெளிநாட்டு நகரங்களில் ஒரு தொழிலாகவே நடக்கிறது. காபி பயிரிடும் நம் மலை விவசாயிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். சுமார் 6 கிலோ காபிப் பழத்தில் 1 கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். வறுத்தால் 800 கிராமுக்குச் சற்று மேல் நிற்கும். டம்ளருக்கு 8 கிராம் வீதம் 100 காபி போடலாம். விவசாயிக்குக் கொட்டை விலை. 100 காபியின் லாபம் பிறருக்கு!

ஏற்காட்டில் காபி விளைகிறது. அந்தச் சேர்வராயன் மலைக்குக் கிழக்கே கல்வராயன் மலை. அதன் கீழே கள்ளக்குறிச்சிச் சமவெளி. கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைகளில் அரவை நடக்கும்போது கரும்பு கொண்டுவருவோர் கூடுவார்கள். ஏற்காட்டு விவசாயிகளும் கள்ளக்குறிச்சி சுயஉதவிக் குழுவினரும் கூட்டாக அங்கே வண்டி நிறுத்தலாம்.

மிதிப்பதால் எல்லாம் நடந்துவிடாது. தொடர்ந்து மிதிப்பவர் தரும் சக்தி சுமார் 100 வாட். மின்சார எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்துக்கு 1,000 வாட்டுக்கு மேல் வேண்டும். எனவே வெந்நீருக்கு எரிவாயு அடுப்பும், காற்றழுத்தத்தைப் போல் 9 மடங்கு அழுத்தம் தரக் கைப்பிடி இயந்திரமும் தேவை. வெள்ளிமலைச் சாலை ஏற்றத்துக்கு இந்தப் பாரவண்டி ஏற்றதல்ல.

சாகுபடிக்குக் கடன் தரும் கூட்டுறவுச் சங்கங்களும் வங்கிகளும், வறுக்கும் இயந்திரத்துக்கும் வண்டிக்கும் கடன் தர முன்வர வேண்டும். முதலில் ஒரே ஒரு வண்டி ஓடட்டும். விளைவித்தவர் கைக்கும் நாலு காசு சேரட்டும்.