காற்று திரும்பும் நேரம்

சித்திரை, வைகாசியில் புதுப்பட்டினத்துக்கு வருகிறவர் முதலில் ஏமாந்துதான் போவார். கடலோர ஊராயிற்றே என்று நம்பிக் காலை பதினொரு மணிக்குப் பேருந்தைவிட்டு இறங்கினால், செங்கல்பட்டுப் பக்கமிருந்து வரும் மேல்காற்று முகத்தில் அனலை வாரி இறைக்கும். கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. இருந்து என்ன பயன்? ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ காற்று திரும்பும். அனல் தணியும். வியர்வை மட்டும் காயாது.

தரை சீக்கிரம் சூடாகும், கடல் தாமதமாகச் சூடாகும், தரைமேல் உள்ள காற்று மேலெழ, அந்த இடத்துக்குக் கடல்காற்று வரும். இது பள்ளிப் பாடம். பாடத்தில் இல்லாதது, மேல்காற்றோடு அது போடும் மல்லுக்கட்டு. ஆனியில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டுபோய் இங்கே வருகிறது. அது ஓங்கி வீசும் நாளில் கடல்காற்று கரையேற இன்னும் தாமதமாகும். சில நாள் எட்டிப் பார்க்காமலே போகும். வானிலை அறிக்கை அதிகபட்ச வெப்பநிலையைச் சொல்கிறது. காற்று எத்தனை மணிக்குத் திரும்பியது என்று சொன்னால் இந்த ஊருக்கு இன்னும் உபயோகமாக இருக்கும்.

காற்று திரும்பியதால் தப்பியவர்களும் உண்டு. 1782 பிப்ரவரி 17 அன்று, பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேயர் எட்வர்ட் ஹியூஸும் மோதினார்கள். சஃப்ரன் ஆங்கிலேய வரிசையின் பின்பகுதியைக் குறிவைத்தார். அங்கிருந்த 'எக்ஸிடர்' கப்பல் சல்லடையாகிக்கொண்டிருந்தது. முன்னால் போன கப்பல்களோ காற்றில்லாமல் உதவிக்கு வர முடியாமல் தவித்தன. மாலையில் காற்று திசை மாறிற்று. முன்கப்பல்கள் திரும்பின, சண்டை முடிவில்லாமல் நின்றது.

ஐப்பசி பிறந்தால் வேறு கணக்கு. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஒதுங்க இடமில்லாத இந்தக் கரையைவிட்டு அந்நாளைய பாய்க்கப்பல்கள் விலகியே இருந்தன. 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் புயலும் அந்தப் பருவத்து விருந்தாளிதான்.

பக்கத்துக் கல்பாக்கத்திலோ இந்தக் காற்றைக் கோபுரம் கட்டி அளக்கிறார்கள். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் கடல்காற்றைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள். கரையேறும் கடல்காற்றின் அடிப்பகுதி சுடுதரையில் பட்டுக் கலங்கும். மேற்பகுதி கலங்காமல் வரும். கலங்கிய அடுக்கு கரையருகே மெலிசு, உள்ளே போகப் போகத் தடிப்பு. அணு உலையின் உயரமான புகைபோக்கியிலிருந்து வெளிவருவது முதலில் மேலேயே மிதந்து போய், சற்றுத் தள்ளி அந்த அடுக்கில் மாட்டிக்கொண்டு தரைக்கு இறங்கக்கூடும். அதனால் அவசரகாலத் திட்டம் போடுகிறவர் கடிகாரத்தையும் பார்த்தாக வேண்டும்: கோடையில் காலை பதினொன்றுக்குக் கடலைப் பார்த்துப் போகும் காற்று, மூன்று மணிக்குத் திருக்கழுக்குன்றம் பக்கம் திரும்பியிருக்கும்.