ரீசெட் அடித்தால் பேட்டரி புதிதாகாது

பெரிய அப்டேட் போட்டதிலிருந்து போன் திணறுகிறது என்று யார் சொன்னாலும் பதில் தயாராக இருக்கிறது: “ஃபேக்டரி ரீசெட் அடிங்க. அதுக்கும் சரியாகலேன்னா போன் பழசாயிடுச்சு, மாத்திடுங்க.” செல்போன் கடைகளிலும் யூடியூப் காணொளிகளிலும் பல வருடமாக இதே பாட்டுதான். முதல் வாக்கியம் எத்தனையோ பேரின் படங்களையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் அழித்திருக்கிறது. இரண்டாவது, இன்னும் சில ஆண்டுகள் ஓடியிருக்க வேண்டிய கருவிகளைக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறது. நாடி பிடிக்காமலே மருந்து எழுதும் இந்தப் பழக்கம் கோபமூட்டுகிறது. அந்த மருந்து பெரும்பாலும் தவறான மருந்து என்பது கோபத்தைக் கூட்டுகிறது.

அப்டேட் போட்ட மறுநாளே ரீசெட் அடிக்கச் சொல்பவர்கள், திரையில் 100 சதவீதம் வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடிவதில்லை. ஆண்ட்ராய்டில் செயலிகளைப் புதிய பதிப்புக்கு ஏற்றபடி மறுபடி தொகுக்கும் வேலை பின்னணியில் நடக்கிறது. அதில் பெரும்பகுதி போன் சும்மா இருந்து சார்ஜ் ஏறும் நேரத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஐபோனில் தேடல் அட்டவணை புதிதாகக் கட்டப்படுகிறது, படங்கள் மீண்டும் அலசப்படுகின்றன. அந்த நாட்களில் போன் சூடாவதும் தயங்குவதும் இயல்பு. சில இரவுகள் சார்ஜில் போட்டு வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ரீசெட் அடித்தாலோ பாதி நடந்த வேலையும் வீணாகி, எல்லாச் செயலிகளையும் மறுபடி இறக்கி, யுபிஐக்கு மறுபடி எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிய வேண்டியிருக்கிறது. கூடவே வரும் இன்னொரு அறிவுரை, பின்னணிச் செயலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடுவது. அதனால் பேட்டரி மிச்சமாகாது என்று ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகியும் ஆண்ட்ராய்டின் ஹிரோஷி லாக்ஹைமரும் 2016லேயே சொல்லிவிட்டார்கள்.

ரீசெட் அடிக்கச் சொல்பவர்கள் யாரும் வாயே திறக்காத விஷயம் பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரி பழசாகும்போது கொள்ளளவு குறைவதோடு உள்மின்தடையும் ஏறுகிறது. பிராசசர் சட்டென்று அதிக மின்னோட்டம் கேட்கும் கணத்தில், தளர்ந்த பேட்டரியின் மின்னழுத்தம் சரிந்து, 30 சதவீதம் சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே போன் அணைந்துவிடும். ஐபோன் 6, 6எஸ் மாடல்களில் 2016ல் இது பெரும் புகாராக எழுந்தது. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, பேட்டரி தளர்ந்த போன்களில் பிராசசரின் உச்ச வேகத்தைக் குறைத்து அதைச் சமாளித்தது. திடீரென அணைவது குறைந்துவிட்டது என்று அறிவித்த ஆப்பிள், எதைக் குறைத்து அதைச் சாதித்தது என்று சொல்லவில்லை. அந்த டிசம்பரில், பேட்டரியை மாற்றியதும் தன் 6எஸ் பழைய வேகத்துக்குத் திரும்பியதை ஒருவர் அளந்து காட்டினார். உடனே கீக்பெஞ்ச் சோதனைச் செயலியை உருவாக்கிய ஜான் பூல், தன்னிடம் குவிந்திருந்த அளவீடுகளைப் பிரித்துப் பார்த்தார். 10.2 பதிப்பில் 6எஸ் போன்களின் மதிப்பெண்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் திரண்டிருந்தன; 10.2.1 வந்த பிறகு அதற்குக் கீழே புதிய குவியல்கள் முளைத்திருந்தன. ஒரே மாடல், ஒரே மென்பொருள், வெவ்வேறு வேகம். டிசம்பர் 20 அன்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது, 28 அன்று மன்னிப்புக் கேட்டது, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியது. வாங்கியவர்களிடம் சொல்லாமல் விட்டதற்காக பிரான்ஸ் 2020ல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2017 முழுக்க ரீசெட் அடித்துப் பார்த்த 6எஸ்காரர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை. கோளாறு பேட்டரியின் ரசாயனத்தில் இருக்க, அவர்கள் துடைத்தது சேமிப்பகத்தை.

“ரீசெட் அடித்தேன், சரியானது” என்பவர்கள் பொய் சொல்லவில்லை. சேமிப்பகம் விளிம்புவரை நிரம்பிய போனில் புதிதாக எழுத இடம் தேடியே நேரம் போகும். எல்லாவற்றையும் துடைத்தால் அந்தத் திணறல் நீங்கும். வாட்ஸ்அப்பில் சேர்ந்து கிடக்கும் வீடியோக்களை அழித்தாலும் அதே இடம் கிடைக்கும். பேக்கப்பிலிருந்து அத்தனையும் திரும்பி வந்ததும் நெருக்கடியும் திரும்பி வரும் என்பதை ரீசெட் ஆசாமிகள் சொல்வதில்லை. பழைய போன் புதிய மென்பொருளைத் தாங்காது என்பது இன்னொரு வாதம். 2018ல் வந்த ஐஓஎஸ் 12, 2013ல் வெளியான ஐபோன் 5எஸ் வரை எல்லாவற்றிலும் ஓடியது. பழைய போன்களை வேகப்படுத்துவதே அதன் முக்கிய நோக்கமாக அறிவிக்கப்பட்டது. 6 பிளஸில் செயலிகள் 40 சதவீதம் வரை விரைவாகத் திறக்கும் என்றார்கள். அப்டேட் போனை மெதுவாக்கியே தீரும் என்று எந்த விதியும் இல்லை. தாங்காததைத் தலையில் கட்டிய கதைகளும் உண்டு, மறுக்கவில்லை. நோட் 7க்கென அமைந்த ஆண்ட்ராய்டு பதிப்பை நோட் 4 வைத்திருந்தவர்களை நிறுவும்படி வற்புறுத்தியதற்காக, இத்தாலியின் போட்டி ஆணையம் 2018 அக்டோபரில் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம் போட்டது. அங்கே பொறுப்பு தயாரித்தவர் மேல் விழுந்தது. இங்கே போனை வாங்கியவரையே மறுபடி வாங்கச் சொல்கிறோம்.

“மாத்திடுங்க” என்பதற்கு ஆப்பிளின் தலைவரே பதில் எழுதி வைத்திருக்கிறார். 2019 ஜனவரி 2 அன்று முதலீட்டாளர்களுக்கு டிம் குக் எழுதிய கடிதத்தில், புதிய ஐபோனுக்கு மாறியவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததற்கான காரணங்களில் ஒன்றாக, மலிவான பேட்டரி மாற்றத்தைச் சிலர் பயன்படுத்திக்கொண்டதையும் சேர்த்திருந்தார். புது பேட்டரி போட்டவர்களுக்குப் புது போன் தேவைப்படவில்லை. பேட்டரியின் நிலவரத்தைக் காட்டும் பக்கம் ஐஓஎஸ் 11.3லிருந்தே செட்டிங்ஸில் இருக்கிறது. கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், முதலில் மாற்ற வேண்டியது அந்த ஒரு பாகத்தை.