‘10 மெஷ்’ என்றால் போதுமா?

மாணவர்களே, திட்டப்பணிக்குக் கம்பி வலை வாங்க விலைப்புள்ளி கேட்கும்போது ‘10 மெஷ்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அது பாதி அளவுதான். ஓர் அங்குலத்தில், அதாவது 25.4 மில்லிமீட்டரில், 10 கண்கள் என்பதே அதன் பொருள். ஒரு கண்ணும் ஒரு கம்பியும் சேர்ந்து 2.54 மி.மீ. கம்பியின் தடிமன் 0.5 மி.மீ. என்றால் கண்ணின் அகலம் 2.04 மி.மீ.; தடிமன் 0.9 என்றால் 1.64 தான். 1.8 மி.மீ. மணல் முதல் வலையில் விழுந்துவிடும், இரண்டாவதில் நின்றுவிடும். பெயரோ இரண்டுக்கும் ஒன்றே!

தடிமனை எழுதாதவருக்குக் கடைக்காரர் கையிலிருப்பதைக் கொடுத்தால், அவரைக் குறை சொல்ல முடியாது என்பேன். இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடவும் முடியாது. மலிவானது மெல்லிய கம்பியாக இருக்கலாம். உலோகத்தையும் குறிப்பிடுங்கள். கடலோரத்தில் வைப்பதென்றால், மாலிப்டினம் கலந்த 316 எஃகு 304ஐ விட உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும். நெய்த வலையா, பற்றவைத்ததா, நீள அகலம் எவ்வளவு என்பதெல்லாம் ஒரே வரியில் அடங்கிவிடும்.