சுட்ட வடுவும் கேட்ட செய்தியும்

சீன மருத்துவத்தை மேற்கு எவ்வாறு கண்டது என்னும் வினாவுக்கு அறிஞர் நூல்களிலேயே பெரிதும் விடை தேடப்படுகிறது. ஆனால் அம்மருத்துவத்திடம் உடம்பை ஒப்படைத்த நோயாளிகள் எழுதிவைத்த சில பக்கங்கள் அந்நூல்களைவிடத் தெளிவானவை. பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், வாழ்ந்த டச்சுப் பாதிரியார் ஹெர்மன் புஷோஃப், கௌட் என்னும் மூட்டுவாதத்தால் நெடுங்காலம் வருந்தியபின், ஆசியப் பெண் வைத்தியர் ஒருவரிடம் மாக்ஸா சிகிச்சை பெற்றுக் குணமடைந்ததை நூலாக்க, அது 1676இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. மாசிபத்திரி இனத்துச் செடியின் உலர்ந்த இலையைப் பஞ்சுபோலாக்கி, சிறு கூம்பாக உருட்டித் தோலின்மேல் வைத்துக் கொளுத்தும் இம்முறை சீனத்தில் வேர்கொண்டது. பெயர்தான் ஜப்பானியச் சொல்லான மொகுசாவிலிருந்து பிறந்தது.

நைமேகன் நகரில் சமாதானப் பேச்சுக்காகத் தங்கியிருந்த ஆங்கிலத் தூதர் வில்லியம் டெம்பிள், 1677இல் இதே நோயால் நடக்க முடியாமல் கிடந்தபோது, நண்பர் கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ் வழியாக அந்நூலை அறிந்து, காலில் மும்முறை மாக்ஸாவைச் சுட்டுக்கொண்டார். சூட்டின் எரிச்சலையும் வீக்கம் தணிந்ததையும் விவரிக்கும் அவர் கட்டுரையில் சீனத்தின் தத்துவம் இல்லை. சீ எனப்படும் உயிராற்றல் ஓடும் தடங்கள் என்ற கருத்தும் இல்லை. மூட்டில் அடைபட்ட தீய ஆவியை நெருப்பு வெளியேற்றுகிறது என்ற விளக்கமே அக்கால ஐரோப்பியருக்குப் போதுமானதாக இருந்தது. மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் இன்னும் ஒருபடி சென்று, பண்டைக் கிரேக்கத்தின் ஹிப்போக்ரட்டீஸ் ஆளி நாரால் சுட்டதும் இதுவே என்று, வந்த விருந்தாளியைப் பழைய உறவினராக்கிவிட்டார். தடங்களைக் காட்டும் படங்களோடு, ஊசி குத்தும் சிகிச்சைக்கு அக்குபங்சர் என்ற பெயரையும் வழங்கிய வில்லெம் தென் ரைனவின் நூல் 1683இல் லண்டனில் வெளிவந்தும், நோயாளி நாடியது வலிநீக்கத்தை மட்டுமே. அதை அறியாமை என்று பழிப்பது நியாயமாகாது.

கேட்டவர்களின் கற்பனை எதிர்த்திசையிலும் ஓடியதுண்டு. 1971 ஜூலையில் பீக்கிங்கில் குடல்வால் அறுவை செய்துகொண்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன், அறுவைக்குப் பிந்தைய வயிற்று உபாதை ஊசிகளால் தணிந்தது என்றே எழுதினார். அறுவையின்போது வலியை மரக்கச் செய்தது வழக்கமான ஊசிமருந்து. அதையும் அவர் எழுதியிருந்தார். ஆயினும் அக்குபங்சர் ஊசிகளின் துணையிலேயே அவர் வயிறு அறுக்கப்பட்டது என்ற கதை இன்றளவும் சொல்லப்படுகிறது.