ரோலிங் பேப்பர்: வெள்ளையா, பிரவுனா? பாக்கெட் சொல்லாத கணக்கு

பெங்களூருவிலோ குருகிராமிலோ, ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். லூஸ் சிகரெட் வாங்கும் கூட்டத்தில் இப்போது ஒரு சிலர் பையிலிருந்து புகையிலை பவுச்சையும் சின்ன பேப்பர் பாக்கெட்டையும் எடுத்து, தாங்களே சுருட்டிக்கொள்கிறார்கள். ஏன் என்று கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று, "சிகரெட் விக்கிற விலைக்கு இதுதான் கட்டுப்படி ஆகுது." இன்னொன்று, "இது அன்பிளீச்டு பேப்பர், கெமிக்கல் கிடையாது."

முதல் பதில் புரிகிறது. 2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட்டுக்கு 40% ஜிஎஸ்டி. அதற்கு மேல், நீளத்தைப் பொறுத்து ஆயிரம் சிகரெட்டுக்கு ரூ.2,050 முதல் ரூ.8,500 வரை கலால் வரி. இரண்டாவது பதிலைத்தான் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடையில் என்னென்ன பேப்பர் இருக்கு?

பெரும்பாலும் நான்கு வகை. முதலாவது மரக்கூழ் பேப்பர். கையில் பிடித்துச் சுருட்ட எளிது, கொஞ்சம் தடிமன். ஆளிச்செடி நாரில் செய்வது ஃபிளாக்ஸ். ஹெம்ப் பேப்பர் கஞ்சா இனச் செடியின் தண்டு நாரில் செய்வது. போதை தரும் எதுவும் அந்தப் பேப்பரில் இல்லை. நான்காவது ரைஸ் பேப்பர். பெயரைப் பார்த்து முழுக்க அரிசி என்று நினைத்துவிட வேண்டாம். மெல்லிய தாளுக்கான பழைய பெயராகவும் அது புழங்குகிறது. ரிஸ்லா என்ற பிராண்டின் பெயரில் உள்ள 'ரிஸ்' பிரெஞ்சில் அரிசியைக் குறிக்கும் சொல்தான்.

வெள்ளை பேப்பர் என்றால் கூழை பிளீச் செய்திருக்கிறார்கள். வெண்மைக்காகவும், எரியும் வேகம் சீராக இருக்கவும் கால்சியம் கார்பனேட் சேர்ப்பதும் உண்டு. அது சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள்தான். பிரவுன் பேப்பர் என்றால் பிளீச் செய்யவில்லை என்று பொருள், அவ்வளவுதான். ஓரத்தில் ஒட்டும் பசை பெரும்பாலும் கருவேல இனத்து மரப்பிசின்.

அப்போ பிரவுன்தான் நல்லதா?

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். பேப்பரின் தடிமனை ஜிஎஸ்எம் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்று அர்த்தம். ஆபீஸ் பிரிண்டரில் போடும் ஏ4 தாள் 75-80 ஜிஎஸ்எம். ரோலிங் பேப்பரில் மெல்லியது 14, கொஞ்சம் தடித்தது 20 என்று வைத்துக்கொள்வோம்.

70 மில்லிமீட்டர் நீளம், 36 மில்லிமீட்டர் அகலம் உள்ள ஒரு சின்னத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 14 ஜிஎஸ்எம் என்றால் அதன் எடை சுமார் 35 மில்லிகிராம். 20 ஜிஎஸ்எம் என்றால் சுமார் 50 மில்லிகிராம். வித்தியாசம் 15 மில்லிகிராம்.

அதற்குள் வைத்துச் சுருட்டும் புகையிலை அரை கிராம் என்றே வைத்துக்கொள்வோம். அதாவது 500 மில்லிகிராம். நீங்கள் கடைக்காரரிடம் நின்று யோசித்து, கூடுதல் காசு கொடுத்து மாற்றுவது அந்த 15 மில்லிகிராமை. மீதி 500 அப்படியே எரிகிறது.

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் 70 போல புற்றுநோயை உண்டாக்குபவை. தார், கார்பன் மோனாக்சைடு எல்லாம் யாரோ வெளியிலிருந்து சேர்த்ததில்லை. இலையோ நாரோ, எது எரிந்தாலும் உருவாகும். பேப்பர் ஆர்கானிக்காக இருந்தாலும் எரிந்தால் புகைதான்.

நம்ம ஊரிலேயே இருக்கும் சாட்சி

'இயற்கையான பேப்பர்' என்ற வாதத்துக்கு இந்தியாவிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது: பீடி. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வரும் தெந்து இலையைத்தான் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து வெட்டிச் சுற்றுகிறார்கள். பிளீச் இல்லை, கூழ் இல்லை. காய்ந்த இலை, அதற்குள் தூள், மேலே ஒரு நூல் கட்டு. இதைவிட 'அன்பிளீச்டு' என்ன வேண்டும்?

ஆனால் பீடிப் புகையில் வழக்கமான சிகரெட்டைவிட நிகோடின், தார், கார்பன் மோனாக்சைடு அதிகம் என்பதுதான் ஆய்வுகளின் முடிவு. ஒரு முக்கியக் காரணம் அந்த இலையேதான். அதில் காற்று எளிதில் புகாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும். ஆக, சுற்றும் பொருள் இயற்கையானது என்பதால் உள்ளே போகும் புகை குறைந்துவிடவில்லை.

'நேச்சுரல்' என்று எழுதினால் ஆள் நம்பிவிடுவார் என்பது கம்பெனிகளுக்கும் தெரியும். அமெரிக்காவில் நேச்சுரல் அமெரிக்கன் ஸ்பிரிட் என்ற சிகரெட்டைத் தயாரிக்கும் கம்பெனி, 'ஆடிட்டிவ் ஃப்ரீ' போன்ற சொற்களை விளம்பரத்திலிருந்தும் பாக்கெட்டிலிருந்தும் நீக்க 2017-ல் அந்நாட்டு அரசு அமைப்பான எஃப்டிஏ-வுடன் ஒப்புக்கொண்டது.

இந்தியச் சட்டம் என்ன சொல்லுது?

2003-ல் வந்த கோட்பா சட்டம்தான் இங்கே அடிப்படை. எதெல்லாம் புகையிலைப் பொருள் என்று அதன் பட்டியல் சொல்கிறது: சிகரெட், சுருட்டு, பீடி, சிகரெட் புகையிலை, மெல்லும் புகையிலை, மூக்குப்பொடி என்று போகும். வெறும் ரோலிங் பேப்பர் அந்தப் பட்டியலில் இல்லை. அதில் புகையிலையே இல்லையே!

விளைவு என்ன தெரியுமா? கடையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாக்கெட். புகையிலை பவுச்சில் 85% இடத்தில் எச்சரிக்கைப் படம் கட்டாயம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்கக் கூடாது. பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது. பேப்பர் பாக்கெட்டுக்கு கோட்பாவின் இந்த விதிகள் எதுவும் இல்லை. அதில் பச்சை இலைப் படமும் 'ஆர்கானிக்' என்ற எழுத்தும் இருக்கலாம். புகைப்பதற்காகவே செய்த பொருள், ஆனால் பார்ப்பதற்கு ஹெல்த் ஃபுட் மாதிரி.

குஜராத் ஏன் தடை போட்டது?

2025 டிசம்பரில் குஜராத் அரசு ரோலிங் பேப்பர், ரெடிமேட் கோன் போன்றவற்றை மாநிலம் முழுக்கத் தடை செய்தது. அவற்றில் உள்ள ரசாயனங்களையும், இளைஞர்கள் போதைப்பொருள் பயன்படுத்த அவை வசதியாக இருப்பதையும் அரசு காரணமாகச் சொன்னது.

ரசாயனக் கவலை முழுக்க வெறும் பயம் இல்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சில வண்ண பேப்பர்களில் தாமிரம் கலந்த சாயம் இருந்தது தெரியவந்தது. ஆனால் பேப்பரில் உள்ள ரசாயனத்தை மட்டும் குற்றம் சொன்னால், 'ரசாயனம் இல்லாத பேப்பர் பரவாயில்லை' என்று வாசிப்பவர் முடிவெடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. பிரவுன் பேப்பர் விற்கிறவர் சொல்வதும் அதையேதான். தடையைவிட, பேப்பர் பாக்கெட்டிலும் அதே எச்சரிக்கைப் படத்தையும் அதே வயது வரம்பையும் கொண்டுவருவது இன்னும் நேரடியான வழி.

அப்போ நான் என்ன பண்றது?

சாயம், பிரிண்ட், ஃப்ளேவர் உள்ள பேப்பரைத் தவிர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. கூடுதலாக ஒன்று உள்ளே போகாமல் தடுக்கிறீர்கள். அதற்கு மேல் பேப்பரிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். கையால் சுருட்டுவதால் ஒரு நாளைக்கு எத்தனை என்ற எண்ணிக்கை குறைந்தால் நல்லதுதான். ஆனால் 'இது க்ளீன்' என்ற நிம்மதியில் எண்ணிக்கை கூடினால், அந்த 15 மில்லிகிராம் லாபம் முதல் கூடுதல் சிகரெட்டிலேயே காலி.

நிறுத்தலாமா என்று யோசனை இருந்தால், தேசிய புகையிலை கைவிடல் உதவி எண் 1800-11-2356. கட்டணம் கிடையாது. அடுத்த முறை பேப்பர் பாக்கெட்டில் கை வைக்கும்போது, பக்கத்தில் இருக்கும் பவுச்சின் படத்தையும் ஒரு தடவை பாருங்கள். இரண்டும் சேர்ந்துதான் எரியப்போகிறது.