குளிரைப் பற்றி மட்டும் எழுதாதீர்கள்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவர்கள் எழுதும் 'முதல் வாரங்கள்' கட்டுரை எதை எடுத்தாலும் ஒரே வரிசைதான். விமான நிலையத்தில் அம்மா அழுவார். இறங்கியதும் குளிர் அடிக்கும். மூன்றாம் நாள் ரசம் ஞாபகம் வரும். கடைசிப் பத்தியில் பனி பெய்யும், எழுதியவர் ஜன்னலோரம் நின்று தன்னைக் கண்டடைவார். இந்தக் கட்டுரைகள் மேல் எனக்குக் கோபம். ஏன் என்று சொல்கிறேன்.

நான் வட்டக்கானல்காரன். கொடைக்கானலிலிருந்து டால்பின் நோஸ் போகிற வழியில் இருக்கிற ஊர். 2000 மீட்டர் உயரத்தில் வளர்ந்தவனுக்கு ஜெர்மனியின் அக்டோபர் குளிர் பெரிய அதிர்ச்சி இல்லை. அந்நிய முகங்களும் புதுசு இல்லை. எங்க ஊருக்கு 'லிட்டில் இஸ்ரேல்' என்றே பேர். ராணுவச் சேவை முடித்த இஸ்ரேலியப் பிள்ளைகள் வந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குவார்கள். அம்மா ரெண்டு ரூம் வாடகைக்கு விட்டு, ஷக்‌ஷுகா செய்யக் கத்துக்கிட்டாங்க. ஆக, குளிர், அந்நியர், தெரியாத சாப்பாடு மூன்றும் எனக்குப் பழக்கம். அப்படியும் முதல் ஆறு வாரத்தில் நான் உடைந்து போனேன்.

'ஜெர்மனியில் படிப்பு ஃப்ரீ' என்பார்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை, உண்மை. ஆனால் விசாவுக்கு, 2024 செப்டம்பரிலிருந்து, ஒரு வருடத்துக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். நம்ம கணக்கில் பத்து லட்சத்துக்கு மேல். அப்பாவின் பூண்டுக்காடு அதற்காக அடகுக்குப் போனது. எங்க மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலத்துக்கு அடகுச்சீட்டுதான் கிடைத்தது.

அந்தப் பணத்தை மாதம் 992 யூரோவாகத்தான் எடுக்கலாம். எடுக்க, உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும். நான் போன வங்கியில் முகவரிப் பதிவுச் சான்று கேட்டார்கள். பதிவுக்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும், அதுவும் குடியேறிய ரெண்டு வாரத்துக்குள். நான் படுத்திருந்ததோ ஒரு சீனியரின் அறைத் தரையில். அந்த வீட்டுக்காரர் தாள் தரமாட்டார். வேறு வீடு பிடிக்க மூன்று மாத வாடகை முன்பணம். அது முடங்கிய கணக்கில் இருக்கிறது. இந்தச் சுற்றில் பத்தொன்பது நாள் போனது. ரொட்டியும் கடனும்தான் சாப்பாடு.

அப்போது அம்மாவின் விருந்தாளிகள் ஞாபகம் வந்தார்கள். அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் சி படிவம் பதிய வேண்டியது அப்போது எங்கள் பொறுப்பாக இருந்தது. அவர்கள் பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டு மலை பார்க்கப் போவார்கள். அம்மா போனை வைத்துக்கொண்டு சிக்னலுக்கு அலைவார். அப்பாவின் நிலப்பத்திரத்தை யாராவது கேட்டதாக அவர்களில் ஒருவரும் சொன்னதில்லை. ஊர்சுற்ற வந்தவனுக்கு இல்லாத சோதனை படிக்கப் போனவனுக்கு.

கொடைக்கானலுக்கே இது தெரியும். 1901இல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே பள்ளி தொடங்கியது எதற்கு? படிப்புக்காகத் தங்கள் பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பாமல் இருக்கத்தான். பிள்ளையை அனுப்புவதன் விலை தெரிந்தவர்கள், பள்ளியையே மலைக்குக் கொண்டுவந்தார்கள். நம்மால் அது ஆகாது, அனுப்புகிறோம். விலையையாவது சொல்ல வேண்டாமா?

'இலக்கியம் என்ன பேங்க் ஸ்டேட்மென்டா? தனிமை பொய்யா?' என்று கேட்பீர்கள். பொய் இல்லை. ஆனால் என் தனிமை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தினமும் வீடியோ காலில் அரை மணி நேரம் பேசினேன். 'சாப்ட்டியாப்பா?' என்று அம்மா கேட்கும்போதெல்லாம் 'சாப்ட்டேன்மா' என்றேன். அந்த ஒரு பொய்தான் என்னைத் தனியாக்கியது. அதற்குக் காரணமான பணத்தை மறைத்துவிட்டுத் தனிமையை மட்டும் எழுதினால், படிக்கிறவனுக்கு அது ஆசையாகத்தான் தெரியும்.

எனக்கே தெரிந்தது. இந்தக் கட்டுரைகளைப் படித்துத்தான் நான் கிளம்பினேன். வந்த பிறகு நானும் அதையே செய்தேன். மஞ்சள் இலைகளைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். அதைப் பார்த்துச் சித்தப்பா பையன் கூப்பிட்டான்: "அண்ணே, அங்க எல்லாம் ஃப்ரீயாமே? அப்பா காட்டை வைக்கலாம்னு சொல்றாரு."

இதற்கு மேல் என்ன கவிதை எழுத? ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். எல்லாம் சொன்னேன்: முடக்கக் கணக்குக்கு வெளியே, கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருக்க வேண்டும். பதிவுத்தாள் தருகிற அறை கிடைக்காமல் டிக்கெட் போடக் கூடாது. தரையில் படுத்ததையும் சொன்னேன். வராதே என்று சொல்லவில்லை. அவன் வரட்டும், தெரிந்து வரட்டும்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சித்தப்பா கேட்டார்: "அண்ணனுக்கு இதெல்லாம் தெரியுமாடா?"

அன்று ராத்திரி வீட்டுக்குக் கூப்பிட்டேன். அம்மா வழக்கம்போல 'சாப்ட்டியா' என்றார். 'இல்லம்மா' என்றேன்.